இடது பக்கத்து பேட்டரி

ஜூலை 8
மதியம் முழுக்க வீண். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியாம். மின்பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவனை வட்டமாக உட்காரவைத்து, பிடித்த நிறத்தைச் சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த வரலாற்றுத் துறைக்காரர் ‘ஊதா’ என்றார், ஆய்வு முடிவை அறிவிப்பதுபோல.

நடத்துகிற அம்மணிக்கு என் வயதுதான் இருக்கும். பை நிறைய சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகள். மாணவர்கள் விடையை அட்டை தூக்கிக் காட்டணுமாம். அட்டைக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஜூலை 9
அக்காவிடம் சொன்னேன். “டிராஃபிக் போலீஸ் வேலைக்காடா சேர்ந்திருக்கே?” என்றாள். அவளுக்காவது புரிகிறது.

ஜூலை 15
அட்டைக்காரி என் வகுப்பைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நிரந்தரமாம். இல்லையென்றால் டிசம்பரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். யாருக்கு யார் மார்க் போடுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

ஜூலை 22
வந்தாள். கடைசி பெஞ்ச். ஒரே வளையத்தில் ஒரு பேட்டரி, மூன்று மின்தடை; கோடு பிசகாமல் வரைந்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கணக்கிட்டேன். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்.” கூரை அதிர்ந்தது. வேறென்ன வேண்டும்?

அவள் எழுந்தாள். “சார், பேட்டரியை மட்டும் வலது பக்கம் வெச்சு வரைய முடியுமா?”

வரைந்தேன். எல்லாருக்கும் அட்டை கொடுத்தாள். மின்னோட்டம் கூடினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், மாறாவிட்டால் பச்சை. ஒரு மண்ணும் மாறாது. எங்கே வைத்தாலும் அதே வளையம்தானே!

வகுப்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். இரண்டு மூன்று பச்சை — அதுவும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கியது.

இதுங்க மண்டைல என்னதான் இருக்கு? புரியலன்னா புரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அவள் குறையே சொல்லவில்லை. “அடுத்த மாசம் மறுபடி வரேன் சார்.” அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 24
முன் பெஞ்ச் பெண்ணை நிறுத்திக் கேட்டேன், ஏன் சிவப்பு என்று. “நீங்க எப்பவும் பேட்டரியை இடது பக்கம்தான் சார் போடுவீங்க. வலது பக்கம் போட்டதும் என்னமோ பெருசா மாறிடுச்சுன்னு நினைச்சேன்.”

எப்பவுமா? யோசித்தேன். எப்பவும்தான். பலகையின் வலது பக்கம் ஜன்னல் வெளிச்சம் கூசும், அந்தப் பக்கம் எதையும் வரைவதில்லை. அதுக்கு நான் என்ன பண்றது? ஜன்னல் வெச்சவனைப் போய்க் கேளுங்க.

ஜூலை 25
ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டினேன். வெளிச்சம் கூசுகிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20
அட்டைக்காரி நேற்று வந்து பார்த்தாள். வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவர் இன்று சொன்னார். அந்த வட்டத்தில் இனி உட்கார வேண்டாம். தொல்லை விட்டது.

ஆகஸ்ட் 23
சமையலறைக் கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டு அக்கா என் அறைக்குள் வந்தாள். மேசை முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துண்டுகள்.

“அதான் வேலை நிரந்தரமாயிடுச்சே. இன்னும் எதுக்குடா இந்த வேஷம்?”

“அவ அட்டை ரொம்பச் சின்னது. கடைசி பெஞ்சுல தூக்கினா எனக்குத் தெரியறதில்ல.”