காற்று வந்த அன்று வெளியே வந்த மச்சாளுக்கு

மச்சாள்,

நீங்கள் வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டு இன்று வேலையிடத்தில் என் கைக்கு வந்தது. உங்கள் லொக்கரை வேறு ஒருத்திக்குக் கொடுக்க வேண்டுமாம். தரை கழுவும் மருந்தின் எலுமிச்சை வாசமும் உங்கள் தைல வாசமும் கலந்து வந்தது. மடியில் வைத்துக்கொண்டிருந்ததில் மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

டவுன்டவுனில் அந்தக் கல்லூரியில் இருவரும் ஒரே மாடியைத் துப்புரவு செய்த காலம். உங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு எனக்குப் போனில்தான் சொன்னீர்கள், வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொந்தத் தம்பியின் பெண்சாதிக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று நான் வரவுமில்லை, கதைக்கவுமில்லை. நாலு மாதம். நீங்களோ என்னைத் தாண்டும்போது தண்ணி வாளியோடு கதைப்பீர்கள்.

"வாளி, அங்கால தள்ளி நில். இதில பெரிய ஆக்கள் கோவமா நிக்கினம்."

எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

அது ஜூலை மாதத்து ஒரு பின்னேரம். வானம் பச்சையும் கறுப்புமாக இறங்கி வந்தது. டொர்னாடோ வரலாம், எல்லாரும் நிலத்துக்குக் கீழே உள்ள மாடிக்குப் போங்கள், கண்ணாடி ஓரம் நிற்காதீர்கள் என்று காவலாளி பிரெஞ்சில் கத்தினார். எனக்கு விளங்கியது. என் காலுக்குத்தான் விளங்கவில்லை. ஊரில் குண்டு போடுகிற பிளேன் இரைந்தால் பெரிய கட்டடத்துக்குள் நிற்க மாட்டோம், வெளியே ஓடிக் குப்புறப் படுப்போம். அதையே செய்தேன். முற்றத்து மேப்பிள் மரத்தடியில், காதைப் பொத்திக்கொண்டு.

கீழே என்னைக் காணாமல் நீங்கள் திரும்பி வந்தீர்கள். இடி இடித்தால் போர்வைக்குள் புகுகிற ஆள் நீங்கள்.

"எடி விசரி, எழும்பு! பிளேன் வரேல்லை, காத்து வருது."

"கட்டடம் விழுந்தா?"

"கட்டடம் நிக்கும். மரம்தான் விழும். நீ அதுக்குக் கீழதான் படுத்திருக்கிறாய்!"

நான் அசையவில்லை. நீங்கள் அந்த மழைக்குள் என் பக்கத்தில் குந்தினீர்கள்.

"வீட்டுக்கு வந்து சொல்லேல்லை எண்டுதானே நாலு மாசமா மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சனீ? இந்தா, நேர வந்து சொல்லுறன். உள்ளுக்கு வா."

எழுந்து வந்தேன்.

கீழே ஜன்னல் இல்லாத நடைவழியில் மாணவர்கள் சுவரோடு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தலையை முழங்காலுக்குள் வைக்க வேண்டும், கையால் பிடரியைப் பொத்த வேண்டும். நான் சரியாகச் செய்கிறேனா என்று நீங்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள். "நீங்கள் முதல் குனியுங்கோ மச்சாள்," என்றேன். நாலு மாதத்துக்குப் பிறகு நான் உங்களை மச்சாள் என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அரை மணித்தியாலத்தில் வெளியே விட்டார்கள். மேப்பிளின் பெரிய கிளையொன்று முறிந்து கிடந்தது. இருவரும் பார்த்தோம். "வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றீர்கள்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து உங்கள் தம்பி போன் எடுத்தார். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். என் கால் வெளியே ஓடவில்லை, மச்சாள். படி இறங்கி, எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனேன். சுவரோடு குந்தி, தலையை முழங்காலுக்குள் வைத்து, பிடரியைப் பொத்திக்கொண்டு கனநேரம் இருந்தேன். எழும்பும்போதுதான் கண்டேன், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் குந்தியிருக்கிறேன்.