நடவுக்குப் பிறகு கொஞ்ச நேரம்

மாமா,

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறு பானையில் இருக்கிறது. கத்திரிக்காய்க் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்.

நேற்று டிவியில் கொரியா நாடகம் ஒன்று கண்ணில் பட்டது என்று சொன்னேனே. அந்த ஊர்ப் பெண்களும் நம்மைப் போலப் பின்னால் நகர்ந்துதான் நாற்று நடுகிறார்கள். ஆனால் நடவு முடிந்ததும் வீட்டுக்கு ஓடவில்லை. சேற்றுக் காலோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுங்களுக்கு இன்னா, வூட்ல யாரு சோறாக்குவாங்க?" என்று நீ சிரித்தாய். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கனவிலும் அந்த ஏரிதான் வந்தது. ஓரத்தில் என் செருப்பு கிடந்தது.

இன்று கச்சிராயபாளையத்தில் நடவு. முடிந்ததும் நானும் பக்கத்து வீட்டு இருசம்மாளும் கோமுகி அணைக்கரையில் சும்மா உட்காரப் போகிறோம். மலையில் வெளிச்சம் மங்கும்வரை இருப்போம். ஏன் லேட் என்று போன் பண்ணாதே.

அஞ்சலை

கோழிகளை நீயே அடைத்துவிடு.

இன்னொன்று. நாடகத்தில் அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. நீ வேண்டுமானால் வா. வந்து, "எழுந்திரு, போலாம்" என்று மட்டும் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்.