பன்னிரண்டு மணித் தகரம்

ஏப்ரல் 4

டேய் பூனை,

உன் போனை இன்றைக்குத்தான் திறந்தேன். ஆஸ்பத்திரியில் உன் சட்டையோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தது. பதினெட்டு நாளாக அலமாரியில் போர்வைக்கு அடியில் கிடந்தது. பூட்டைத் திறக்க எப்படி விரலை இழுக்கணும்னு எனக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை இழுத்திருக்கே.

திறந்தால் நீ எழுதுற பக்கத்தில் இருநூறு பேருக்கு மேல் உன்னைத் திட்டி வைத்திருக்கிறார்கள். அரசியல், சாமி, வெயில் — நீ எதையும் விட்டு வைக்கலையா? சாப்பாடு ஆறுது, போனை வைடான்னு நான் கத்தினபோதெல்லாம் இந்த முகம் தெரியாத ஆளுங்களோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தியா?

நீ கடைசியாக எழுதினது: “இந்த வருஷ வெயில் ஆளைக் கொல்லும், பாருங்க.” அதுக்குக் கீழே தனிச்சிங்கம் என்று ஒருத்தன்: “எங்க தாத்தா காலத்துலயும் வெயில் இருந்துச்சு.” நீ பதில் போடவில்லை. மறுநாளிலிருந்து தினம் வந்து, “எங்கடா போனே? பதில் இல்லன்னதும் ஓடிட்டான் பாருங்க.”

ஓடிட்டானாம்.

ஏப்ரல் 5

பதில் எழுதிவிட்டேன். அஞ்சாவதோடு நின்றவளுக்கு நாலு வரிக்கு அரை மணி நேரம்.

“ஓடலைங்க. செத்துட்டான். மார்ச் பதினேழு மத்தியானம், தகரக் கூரை போடும்போது, மேலேயே. நான் அவன் அக்கா.”

ஏப்ரல் 6

ஒருத்தர் இரங்கல் என்றார். ஒருத்தன், “பேய் டைப் அடிக்குது, ஓடுங்க.” அவனுக்கு எழுதினேன்: “பேய்க்கு இவ்வளவு எழுத்துப்பிழை வராது தம்பி.” இன்னொருத்தன், எந்தக் கட்சி எழுதச் சொல்லுச்சுன்னு கேட்கிறான். ஒரு அம்மா, “சாமி இல்லன்னு பேசினான்ல, சாமி காட்டிருச்சு” என்கிறாள். நான் விடவில்லை. “சாமி மேல பழி போடாதீங்கம்மா. பன்னிரண்டு மணிக்கு ஏறச் சொன்னது மேஸ்திரி.”

என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, வேனை நிறுத்திவிட்டு வந்தவர், பின்னால் நின்று படித்திருக்கிறார். “அவன்தான் வேலைவெட்டி இல்லாதவனுங்களோட மோதினான், நீயுமாடி? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?”

“மூட வேணாங்க. பதில் சொன்னா போதும்.”

ஏப்ரல் 9

உன் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. இதயம் நின்றதால் மரணம். அன்றைய வெப்பம் 38 டிகிரி, வழக்கமானதே.

யாருக்குடா இதயம் நிக்காம சாவு வருது?

அதைப் படம் எடுத்துப் போட்டேன். தனிச்சிங்கம் உடனே வந்தான். “முப்பத்தெட்டுல எவனும் சாகமாட்டான். குடிச்சிருப்பான்.”

குடிச்சிருப்பான். சாயங்காலம் காபி குடிச்சாலே ராத்திரி தூக்கம் வரலைக்கான்னு புலம்புற பய நீ. உன்னைப் போய் —

ஏப்ரல் 10

போனைத் தொடவில்லை. அழுதேன்.

ஏப்ரல் 12

அழுது ஆகப்போறது என்ன? எழுந்தேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் மெக்கானிக் ஒரு துப்பாக்கி வைத்திருப்பான். துணி தேய்க்கிற உருளையைப் பார்த்து அமுக்கினால் எத்தனை டிகிரி என்று காட்டும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

“எதுக்குக்கா?”

“தகரத்தை அளக்கணும்.”

என் முகத்தைப் பார்த்தான். “கீழே மட்டும் போட்டுடாதீங்க, என்னையும் சேர்த்து உருளையில விட்டுத் தேய்ச்சிடுவாங்க.”

பின்பக்க இரும்பு ஏணியில் ஏறினேன். சரியாகப் பன்னிரண்டு மணி. தகரத்தைப் பார்த்து அமுக்கினேன் — 64.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துட்டேன். நீ அதுல மண்டி போட்டு எத்தனை மணி நேரம்டா?

ஆஸ்பத்திரிப் போர்வையை நாங்கள் 71 டிகிரித் தண்ணீரில் இருபத்தைந்து நிமிஷம் சுற்றவிடுவோம். அப்போதுதான் கிருமி சாகும். எத்தனை டிகிரியில் சாகும் என்று கிருமிக்குக் கணக்கு எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கு. உனக்கு எழுதி ஒட்ட ஆள் இல்லை.

படத்தைப் போட்டேன். தனிச்சிங்கம்: “முட்டாள் பொம்பளை. வெப்பம்னா காத்தை நிழல்ல வச்சு அளக்கணும். தகரத்தை இல்ல. போய்ப் படி.”

எழுதினேன்: “நான் படிக்காதவதான். ஆனா என் தம்பி நிழல்ல வேலை செய்யல. காத்துலயும் மண்டி போடல. தகரத்துலதான் போட்டான்.”



ஏப்ரல் 14

எனக்குத் தெரியாத கூரைக்காரங்க பதினோரு பேர் எழுதியிருக்காங்க. “அக்கா, நாளைக்கும் போடுங்க. மேஸ்திரிகிட்ட காட்டணும்.”

போடுவேன். தினம் போடுவேன்.

ஏப்ரல் 21

மேலே நின்று கீழே பார்த்தால் உன் மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! “பன்னிரண்டு மணிக்கு வேன் சும்மாதானே நிக்குது” என்றார். அப்புறம், “ஆடுது பாரு, மெதுவா. நீ விழுந்து தொலைச்சா உன் ரசிகனுங்களுக்கு நானா பதில் எழுதறது?”

63.

மே 5

66. செருப்பின் அடி இளகி ஒட்டுகிறது.

மே 6

காலையில் ஏழு மணி. தனிச்சிங்கம். எல்லாரும் பார்க்கிற இடத்தில் இல்லை, தனியாக எனக்கு மட்டும்.

“தங்கச்சி, என் மருமகன் இன்னைக்குக் கூரை வேலைக்குப் போறான். புது ஆளு. மத்தியானம் எத்தனை வரும்? நிழல்ல இல்ல. தகரத்துல.”

“உங்க தாத்தா காலத்துலயும் வெயில் இருந்துச்சுல்ல, போகட்டும்” என்று முழுசாக எழுதி முடித்தேன். விரல் பட்டனுக்கு மேல் நின்றது. அந்தப் பையனுக்கும் அக்கா இருப்பாளே என்று தோன்றியது. அழித்தேன்.

“நேத்து 66. பதினோரு மணிக்கே இறங்கச் சொல்லுங்க. தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிக்கணும், தலையில ஈரத் துண்டு வேணும். மேஸ்திரி கத்தினா என் படத்தைக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் — என் தம்பி குடிச்சிருப்பான்னு நீங்க எழுதினது இன்னும் அங்கயேதான் இருக்கு. அதை எடுங்க.”

சாயங்காலம் பதில் வந்தது. “இறங்கிட்டான்.” அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை. ஆனால் போய்ப் பார்த்தேன், அந்த வரி அங்கே இல்லை. மன்னிப்பை அவனே வச்சுக்கட்டும். நாளைக்கும் ஏறுவேன்.

ஒண்ணு மட்டும்தான் உறுத்துது பூனை. அன்னைக்குக் காலைல நான்கூட டிபன் பாக்ஸ் எடுத்துட்டியான்னுதான் கேட்டேன். நீ ஏணியில கால் வைக்கும்போது, இன்னைக்கு எத்தனை டிகிரின்னு உன்கிட்ட ஒருத்தராவது கேட்டாங்களாடா?