அண்ணன் சொன்ன சாட்சி

1917, ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. ஆம்பூர்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அண்ணன் இன்று என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் பல்லைப் பார்த்தார், மார்பை அளந்தார். பிறகு, "முன்னாடி எப்பவாவது புத்தி பேதலிச்சு வைத்தியம் பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பட்டணத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசலில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டார்.

"இவனுக்கா? ஒண்ணுமே கெடையாது சார். எங்க வூட்லயே இவன்தான் தெளிவான ஆளு."

நான் குணமாகித் திரும்பிய நாளிலிருந்து அண்ணன் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. தோல் மண்டியில் நான் வேலை கேட்டபோது, "அவன நம்பாதீங்க, எப்ப இன்னா பண்ணுவான்னு தெரியாது" என்று முதலாளியிடம் சொன்னவரும் அவர்தான்.

"நிஜந்தானா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் என் தோளில் கை போட்டிருந்தார்.

"கப்பல்ல அனுப்புவாங்களாம்டா. பயமா இருக்குதா?"

"இல்லண்ணா."

பயம் இல்லைதான். சந்தோஷமும் இல்லை. கோபமாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

ராத்திரி அண்ணி என்னையும் எல்லோருடனும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அண்ணனின் சின்ன மகள் வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். இதுவரை அவளை என் பக்கத்தில் விட்டதே கிடையாது. இன்று யாரும் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்ப வேண்டும்.