உங்கள் இலையில் உப்பில்லாச் சோறு

ஏனுங்க,

நீங்கள் இருக்கும்போது கூப்பிட்ட அதே பேர்தான். இப்போதும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உங்கள் நாய் ஜிம்மி சாகப் பார்த்தான். நீங்கள் போனபிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் "பாவம், எசமானைத் தேடுது" என்று ஆளுக்கொன்று போட்டார்கள். பன்னு, முறுக்கு, பால், கறிக்குழம்புச் சோறு. வந்தவர்கள் துக்கம் ஆறிப் போனார்கள். அவன் வயிறு ஆறவில்லை. தின்றதெல்லாம் தண்ணீராகப் போயிற்று. விலா எலும்பு தெரிய வாசற்படியில் கிடந்தான்.

ஆட்டோவில் தூக்கிப்போட்டு கால்நடை டாக்டரிடம் போனேன். "மருந்து பாதி, தீனி பாதிங்கம்மா. ஒரே தீனிதான். வேற எதுவும் வாயில படக்கூடாது" என்றார். வயிறு கெட்ட நாய்களுக்கென்றே பாக்கெட்டில் ஒரு தீனி வருகிறதாம். இல்லாவிட்டால் குழைய வேகவைத்த சோறும் தோலுரித்த கோழிக்கறியும். உப்பு, எண்ணெய், மசாலா கூடாது. பால் கூடவே கூடாது.

துடியலூரில் இருக்கும் நம் பெரியவன் பாக்கெட்டே வாங்கலாம் என்றான். இங்கே நம் கணபதி வட்டாரக் கடைகளில் அது ஒரு வாரம் கிடைக்கிறது, மறுவாரம் இல்லை. தீனியைத் திடீரென்று மாற்றினால் மறுபடி வயிறு போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் கிடைப்பதுதான் சரி என்று கோழியையே பிடித்துக்கொண்டேன். சத்துக் குறையாமலிருக்கக் கலந்து போட ஒரு பொடியும் எழுதிக் கொடுத்தார். அவன் கெட்டியாக வெளிக்குப் போன அன்று பெரியவனின் ஆபீசுக்கே போன் போட்டுச் சொன்னேன். சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் உங்கள் வருசத் திதி வந்தது. கோழிக் குழம்பு கொதிக்கிறது, உளுந்து வடை வேகிறது. உங்கள் தங்கச்சி ஒரு வடையை எடுத்துக்கொண்டு ஜிம்மியிடம் கிளம்பினாள். கையைப் பிடித்தேன்.

"அண்ணன் இதுக்குப் பாதி குடுக்காம வடை தின்னதில்லைங்க அண்ணி. அவரு ஆத்மா ஏங்காதுங்களா?"

"ஏங்கட்டும் கண்ணு. இது செத்துப்போச்சுன்னா?"

"ஒரு வடைக்குச் செத்துப்போகுமுங்களா?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு போட்டுத்தான் இந்தக் கதி."

"உங்க மனசு கல்லுங்க அண்ணி."

சுட்டது. நீங்கள் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் கொடுத்திருப்பீர்கள், இல்லையா? உங்கள் பங்கு கிடைக்காத நாள் அவனுக்கு இருந்ததே இல்லை. இந்த நாளிலா அதை நிறுத்துவேன்?

அடுப்படிக்குப் போனேன். அவனுக்கென்று தனியாக வேகவைத்த சோற்றையும் கோழியையும் கொண்டுவந்து உங்கள் இலையில் பரிமாறினேன். குழம்பும் வடையும் பந்திக்கு.

"உப்பில்லாமப் படைப்பாங்களா!" தங்கச்சி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

உங்கள் பேத்தி, பெரியவன் மகள், உங்கள் இலையைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாருக்கும் பத்தியமா ஆத்தா?"

"ஆமா அம்மணி. ஒண்ணாத் தின்னவங்க. ஒண்ணாவே பத்தியம் இருக்கட்டும்."

இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுவர்மேல் வைத்தேன். காக்காய் வந்து எடுத்தது. அப்படியானால் உங்களுக்குச் சம்மதம்தானே? இலையைத் தூக்கி ஜிம்மி முன்னால் வைத்தேன். மோந்தான். நடு நரம்பு பளபளக்கும்வரை நக்கிப்போட்டு, வாலை ஆட்டினான். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வடையைத் தானே தின்றாள்.

அவன் வயிறு உரம் பிடிக்கும்வரை அமாவாசைக்கு அமாவாசை உங்களுக்கு இதுதான். கோபித்துக்கொண்டு காக்காயை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் அவனைக் கூட்டிப்போன பஸ் ஸ்டாப் டீக்கடை வரைக்கும் அவனை மறுபடி நடக்கவைப்பேன். கடைக்காரர் வடையை நீட்டினால் வேண்டாம் என்றும் சொல்லுவேன்.

உங்கள் பங்கை அவனுக்குத் தவறாமல் போடும்,
உங்கள் வீட்டுக்காரி