நான் டிக் போட்ட கடைசிச் சொல்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாயாடி மருமகள் மல்லிகா எழுதுகிறேன். நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் மகனுக்கு இன்னும் அதே மூன்று ஷிஃப்ட்தான், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. நிவேதாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஓசூரிலிருந்து காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆபீசில் கன்னட வகுப்பு நடக்கிறதாம், சேர்ந்திருக்கிறாள். "வீட்லயே பாட்டி இருந்தாங்க, அப்ப கத்துக்காம இப்ப போய் கத்துக்கறேன் பாரும்மா" என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், இல்லையா அத்தை?

கெலமங்கலத்துப் பக்கம் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்து, பதினேழு வயதில் தமிழ் பேசும் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர் நீங்கள். மாமா போனபோது நாலாவது பிள்ளைக்கு மூன்று வயது. கேழ்வரகும் தக்காளியும் போட்டு, மாடு கறந்து, நாலு பேரையும் கரையேற்றினீர்கள். உங்களோடு முதன்முதலாகச் சந்தைக்கு வந்த அன்று நான் அசந்துபோனேன். மாட்டுத் தரகரிடம் உருது, தக்காளி வியாபாரியிடம் தெலுங்கு, எதிரே வந்த உங்கள் தங்கையிடம் கன்னடம், திரும்பி என்னிடம் தமிழ். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் நீங்கள். பங்காளிச் சண்டையானாலும் பெண் பார்க்கப் போவதானாலும், எண்பது வயதிலும் உங்களைக் கேட்காமல் இந்தக் குடும்பத்தில் எதுவும் நடந்ததில்லை.

விருதுநகரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த என்னை, எங்கிருந்தோ வந்தவள் என்று சொந்தமெல்லாம் முணுமுணுத்தபோது, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவரும் நீங்கள்தான். "இவ நம்ம சொசெ" என்று தங்கையிடம் காட்டினீர்கள். கன்னடத்தில் சொசெ என்றால் மருமகள் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே இல்லை. மருமகள் என்றே சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நிவேதா பள்ளியில் சேர்ந்த வருஷம்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

"அத்தை, இனிமே பிள்ளைகிட்ட கன்னடம் பேசாதீங்க. ஏற்கெனவே தமிழையும் இங்கிலீசையும் போட்டுக் குழப்பிக்கிறா."

"செரி கண்ணு. படிக்கிற புள்ள, நம்மளால கெட்டுறக் கூடாது" என்றீர்கள்.

அவ்வளவுதான். சந்தையையே ஒரு கை பார்த்த நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து மாட்டிடம் மட்டும் கன்னடம் பேசினீர்கள். தங்கையின் போன் வந்தால் புறக்கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் சொல்லுக்கு இந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன். இப்போது எழுதவே கூசுகிறது.

போன வருஷம் உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "நல்லாத் தெரிஞ்ச வார்த்தையிலேருந்து ஆரம்பிங்க" என்று சொல்லி அனுப்பினாள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைகள் எந்த மொழியில் இருந்தன என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. எனக்கே அது தோன்றவில்லை.

கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங் பார்த்த கையல்லவா? வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டேன். டம்ளரைக் காட்டி, கதவைக் காட்டி, பாலைக் காட்டி, "சொல்லுங்க அத்தை" என்பேன். தமிழில் வந்தால் டிக். பாலைப் பார்த்து நீங்கள் "ஹாலு" என்பீர்கள். அது கன்னடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தப்பு என்று குறுக்கே கோடு போட்டேன். உங்கள் மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கன்னடத்தில் சொல்வார், உங்கள் முகம் அப்படியே மலரும். "பழக்கினதக் கெடுக்காதீங்க" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

உங்கள் தங்கை, சின்னத்தை, போன் செய்தார். "அக்காவப் பாக்கோணும் கண்ணு. ஒரு வாரம் வந்து கூட இருக்கட்டா?"

"இப்ப வேணாம் சின்னத்தை. நீங்க வந்தா கன்னடத்துலயே பேசுவீங்க, பழகினதெல்லாம் போயிரும். கொஞ்சம் தேறட்டும், நானே கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை.

கடைசி நாள் காலையில் பால் டம்ளரோடு வந்து நின்றேன். நீங்கள் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு உதட்டைக் குவித்து, மெதுவாக, "பால்" என்றீர்கள். நான் கை தட்டினேன். ஓடிப்போய் நோட்டில் டிக் போட்டேன். மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் 'பால்'தான் உங்கள் கடைசிச் சொல்.

அந்தச் சொல்லை எனக்காகத்தானே சொன்னீர்கள்? நான் சந்தோஷப்படட்டும் என்றுதானே?

சின்னத்தை வந்தார். அழவில்லை. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டே அரை மணி நேரம் கன்னடத்தில் உங்களோடு பேசினார். எழுந்து போகும்போது என்னிடம், "வாய் விட்டுப் பேச ஒரு ஆளு இல்லாமயே போயிட்டா எங்கக்கா. என்னைய ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே கண்ணு" என்றார். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உங்களுக்கு என்னென்ன சொல்ல இருந்ததோ? யாரைக் கேட்பேன்?

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கெலமங்கலம் போகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் போனேன். சின்னத்தை களி கிண்டிப் போட்டு உட்கார வைத்தார். இரண்டாவது முறை அந்த நோட்டையும் எடுத்துப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இதென்ன கண்ணு, இத்தன கோடு?"

"அத்தை தப்பாச் சொன்னதெல்லாம் சின்னத்தை. பாலை ஹாலுன்னாங்க, கதவை பாகிலுன்னாங்க."

கொஞ்ச நேரம் கோடுகளைத் தடவிப் பார்த்தார். "அவ செரியாத்தானே சொல்லியிருக்கா" என்றார்.

ஆமாம் அத்தை. எல்லாவற்றையும் நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கோடுகளை நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வருஷத் திதிக்குச் சின்னத்தையை நானே போய்க் கூட்டி வருவேன். ஒரு வாரம் நம் வீட்டில் இருப்பார், கதவைச் சாத்தாமல் கூடத்தில் உட்கார்ந்து கன்னடம் பேசுவார். படையல் போட்டதும் நானும் உங்களிடம் நாலு வாக்கியம் கன்னடத்தில் பேசுவேன். இப்போதே பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், நாக்கு புரள மாட்டேன் என்கிறது. நிறையத் தப்பு வரும். ஒன்று விடாமல் கோடு போடுங்கள் அத்தை. நான் அடுத்த வருஷமும் பேசுவேன்.

உங்கள் சொசெ,
மல்லிகா