ஹோல்ட் ஆன்

மார்ச் 4, செவ்வாய்

நெட்டைக்காவின் கையைச் சுட்டது இயந்திரம் இல்லை. மேனேஜரின் இங்கிலீஷ்.

இங்கேயாவது இதை எழுதிவைக்க வேண்டும். அலுவலகத்தில் நானே தட்டச்சு செய்த அறிக்கையில் வேறு மாதிரி இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் பெரிய சூட்டு உருளை ஒன்று உண்டு. சுவிட்ச் பக்கம் என் சித்தி நிற்பாள். மறுபக்கம் நெட்டைக்கா. நடுவில் உருளை மறைப்பதால் ஒருவர் கை இன்னொருவருக்குத் தெரியாது. காலை பதினொரு மணிக்கு ஒரு விரிப்பு சுருண்டு சிக்கியது. சித்தி இயந்திரத்தை நிறுத்தினாள். நெட்டைக்கா கையை உள்ளே விட்டாள். சித்தி வாக்கி டாக்கியை எடுத்து, "சார், துணி சிக்கிடுச்சு சார்" என்றாள். மேனேஜர் மறுகாதில் போனை வைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்!" என்று கத்தினார்.

கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

சித்தி ஆன் செய்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

இரண்டு விரல். தோல் மட்டும்தானா, நரம்புமா என்று டாக்டர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

"அவ கை உள்ளதான் இருக்கும்னு தெரியாதா சித்தி?"

"அவரு ரூம்ல கேமரா இருக்கேடி. பார்த்துட்டுதான் ஆன் பண்ணச் சொல்றாருன்னு நெனச்சேன்."

நாங்கள் கழிவறைக்குப் போய் வர எத்தனை நிமிடம் என்று பார்க்கிற கேமரா. அந்த ஒரு நிமிடம் பார்க்கவில்லை.

அறிக்கையில் மேனேஜர் சொல்லச் சொல்ல நான் அடித்த வாக்கியம்: பொறுத்திருக்கும்படி தெளிவாக ஆணையிட்டும் ஊழியர் இயந்திரத்தை இயக்கினார். இதில் பொய் எது? ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது என்றாலாவது மனசு ஆறும். அவருடைய அம்மா போன் செய்தால், "சாப்ட்டேன்மா, சாப்ட்டேன், நச்சரிக்காத" என்று தேனாகப் பேசுகிறார். எங்களிடம் மட்டும்தான் நாக்கு கோட்டும் சூட்டும் போட்டுக்கொள்ளும்.

மார்ச் 6, வியாழன்

சித்தி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். நான் போனபோது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு.

"மேனேஜர் கூப்ட்டாருடி. திட்டவே இல்ல. பாவம், என் மூஞ்சியப் பார்த்து மனசு எளகிடுச்சு போல. போகச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"என்னமோ லெட்டிங் யூ கோன்னாரு. போக விடறேன்னுதானே? நான் தேங்க்யூ சார்னுட்டு வந்தேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நாளை சொல்கிறேன் — எப்படிச் சொல்வேன்? வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள், அதற்குத்தான் நீ நன்றி சொல்லிவிட்டு வந்தாய் என்றா?

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை. கோழை நான். சித்தி விடிந்ததும் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, "உன் பேரை அடிச்சிட்டாங்கம்மா" என்றிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அந்தச் சுவிட்ச் பக்கம் நின்றவள், டிபன் டப்பாவோடு திரும்பி வந்தாள்.

சாயங்காலம் கேட்டாள்: "கோன்னா போ. லெட்னா விடு. போக விடுன்னா எப்டிடி தொரத்தறது ஆகும்?"

ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். ஹோல்ட் என்றால் பிடி. ஹோல்ட் ஆன் என்றால் பொறு. ஹோல்ட் அப் என்றால் தாமதப்படுத்து. ஹோல்ட் பேக் என்றால் அடக்கிக்கொள்.

"பிடிங்கறதுக்குப் பின்னாடி ஒரு வாலை மாட்டுனா வேற மிருகம் ஆயிடுமா?"

"ஆயிடும். எந்த வாலுக்கு எந்த மிருகம்னு மனப்பாடம்தான் பண்ணணும்."

சித்தி பில்லை வாங்கி மடித்தாள். பிறகு, "நம்மகிட்டயும்தான் இருக்கு. போயிடு, போய்க்கோ, போய்த்தொலை. மூணும் போறதுதான். ஆனா உன் சித்தப்பா எதைச் சொன்னாருன்னு வச்சு அன்னிக்குச் சமைக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"நீ சொன்ன மாதிரிதான்டி செஞ்சேன்."

மார்ச் 8, சனி

நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

போன வருஷம் இந்த மேனேஜர் வந்த புதிதில், சாப்பாட்டு அறையில் ஒன்பது பெண்களை உட்காரவைத்து ஒரு மணிநேரம் வகுப்பு எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். இரண்டு எழுத்து படித்துவிட்ட திமிர். அவர் பேசுவது ஓடும் ரயில் மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் குறுக்குவழி சொன்னேன்: "முழுசாப் புரியலைன்னா கவலைப்படாதீங்க. கடைசில வர்ற குட்டி வார்த்தையப் பிடிச்சுக்கோங்க. ஆன்னா ஓடணும், ஆஃப்னா நிக்கணும், அப்னா ஏத்தணும், டவுன்னா எறக்கணும். முடிஞ்சுது கதை."

டர்ன் ஆன், டர்ன் ஆஃப் வரைக்கும் சரியாகத்தான் ஓடியது. எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். எங்கள் வாயில் ஆன் என்பது வெறும் சொல் இல்லை, அது ஒரு பொத்தான். விசிறிக்கும் விளக்குக்கும் மோட்டாருக்கும் அதே ஆன். அது பொறு என்பதற்கும் வால் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அவ்வளவு போதும், இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன். மேனேஜருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 11, செவ்வாய்

நெட்டைக்காவிடம் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

"நீ தப்பாச் சொல்லிக்கொடுத்த. அந்த ஆளு சொல்லியே கொடுக்கல. இதுல எனக்கு யார்மேல கோவம் வரணும்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "உன்மேலயும் கோவம்தான். பல்லக் காட்டிட்டுப் போயிடாத. கம்பெனில வெசாரணை வைக்கறாங்களாம், அதுல சொல்லு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

விசாரணை. மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், நான். சித்தியை உள்ளே கூப்பிடவே இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் வராதே என்றார்களாம்!

வகுப்பு எடுத்ததைச் சொன்னேன். மேனேஜர் முகம் மலர்ந்தது. அத்தனை நாளும் தேடிய சாவி கையில் விழுந்த மாதிரி. "குட். எழுதிக் குடு" என்றார். தமிழில்!

எழுதினேன். என் தப்பை முழுதாக எழுதினேன். அதன் கீழே அவர் தப்பையும் எழுதினேன்: கேமராவைப் பார்க்கவில்லை, தமிழ் தெரிந்தும் பேசவில்லை. அதற்கும் கீழே இரண்டு வரி. சித்தியைத் திரும்ப எடுக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் ஆணை தமிழில்தான் வர வேண்டும்.

அந்த அம்மாள் படித்துவிட்டு, "லுக் இன்டு பண்றோம்" என்றார். பார்க்கிறோம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அவர்கள் இங்கிலீஷிலும் அதேதானா?

மார்ச் 17, திங்கள்

என் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆள் பற்றாக்குறையாம், நான் உருளைக்குப் போக வேண்டுமாம். எந்த இடம்? சித்தி நின்ற இடம்.

"சுவிட்ச் கொஞ்சம் எறுக்கமா இருக்கும். கட்டைவிரலால அமுக்கு" என்றாள் சித்தி.

மார்ச் 20, வியாழன்

சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர். இந்த முறை நான் பாடம் நடத்தவில்லை. தேய்த்த விரிப்புகளை மடிக்கும் மடிப்பு மேசைக்காரி கேட்டாள்: "புரியலைன்னா என்னடி பண்றது?"

"புரியலைன்னு சொல்லுவோம். புரியற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொட வேணாம்."

"வேலைய விட்டு அனுப்பிட்டா?"

யாரும் எழுந்து போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

சித்தி பக்கத்துத் தெருவில் ஒரு தையல்கடையில் பித்தான் கட்டப் போகிறாள். நெட்டைக்காவுக்கு ஒரு விரல் மடங்கவில்லை.

இன்று பத்தரைக்கு விரிப்பு சிக்கியது. நிறுத்தினேன். மறுபக்கம் நெட்டைக்காவின் இடத்தில் இப்போது நிற்கும் மடிப்பு மேசைக்காரி கையை உள்ளே விட்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை, அவள் குரல் கொடுத்ததால் தெரிந்தது. வாக்கி டாக்கியில் சொன்னேன். மேனேஜர், "ஹோல்ட் ஆன்" என்றார்.

அர்த்தம் எனக்குத் தெரியும். எட்டுப் பேருக்கும் இப்போது தெரியும். இருந்தாலும் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"உள்ள ஆள் கை இருக்கு சார். தமிழ்ல சொல்லுங்க. ஓட்டவா, நிறுத்தவா?"

கொர்ரென்ற சத்தம் மட்டும். மடிப்பு மேசை நின்றது. உலர்த்தும் பக்கமும் நின்றது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் கையிலிருந்த கருவியையே பார்த்தார்கள்.

"சார், கேக்குதா? தமிழ்ல சொல்லுங்க சார்."